யாரிடமிருந்து வந்தது

எனக்கு அந்தத் தொற்று இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நான் முதலில் சந்தேகப்பட்டது பரிசோதனைக் கூடத்தைத்தான். கணவர் மீது சந்தேகம் வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கல்கத்தாவின் ஜாதவ்பூரில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாக இருக்கிறேன். காசோலையில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்து, இதை அவர்தான் போட்டாரா என்று யோசிப்பதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்த வருடம் நாற்பது வயதைத் தாண்டிய பெண் ஊழியர்களுக்கெல்லாம் ஒரு கிளினிக்கில் உடல் பரிசோதனை ஏற்பாடு செய்தார்கள். சர்க்கரை, தைராய்டு, கூடவே கர்ப்பப்பை வாயிலிருந்து மாதிரி எடுத்துச் செய்யும், எச்.பி.வி. என்ற வைரஸுக்கான பரிசோதனை. ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டும் உள்ளுக்குள் கூசிக்கொண்டும் போய் வந்தோம். சில நாள் கழித்து அந்தக் கிளினிக்கிலிருந்து எனக்குப் போன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். மற்றவர்கள் யாரும் எதுவும் பேசாததால் என்னை மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் என் வயதுடைய வங்காளிப் பெண்மணி. சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"வைரஸ் இருக்கு. ஆனா செல்கள்ல எந்த மாற்றமும் இல்லை. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பார்ப்போம். பயப்படாதீங்க, இது ரொம்ப சாதாரணம்."

"எப்படி வந்தது?"

"பெரும்பாலும் உடலுறவில்தான் பரவும். அதுக்காக மனசைக் குழப்பிக்காதீங்க. முக்கால்வாசிப் பேருக்கு வாழ்க்கையில எப்போதாவது ஒரு தடவை வந்துட்டுப் போகிறதுதான்."

முதல் வாக்கியம் மட்டுமே என் காதில் விழுந்தது. மிச்சத்தை ஆறுதல் என்று ஒதுக்கிவிட்டேன். வாடிக்கையாளரின் பணம் வேறு கணக்குக்குப் போய்விட்டால் நாங்களும் "இது சாதாரணமா நடக்கிறதுதான் சார், கவலைப்படாதீங்க" என்றுதான் சொல்வோம். அப்படிச் சொல்லும்போது விஷயம் சாதாரணமானதாக இருக்காது.

மாதிரிகளை மாற்றி வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். மறு பரிசோதனை, மருந்து என்று ஆட்களை இழுக்கும் வழியாகவும் இருக்கலாம். யாரிடமும் சொல்லாமல் காளிகாட் பக்கம் வேறொரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். அங்கேயும் அதே முடிவுதான் வந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பின்சீட்டில் இரண்டு அந்நியர்களுக்கு நடுவில் இடுங்கி உட்கார்ந்திருந்தபோது கணக்கு மனத்தில் தானாக ஓடியது. என் வாழ்க்கையில் ஒரே ஒரு ஆண்தான். அப்படியென்றால் வந்த வழியும் ஒன்றுதான்.

என் கணவர் தூத்துக்குடிக்காரர். கிடர்பூரில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. சரக்குக் கப்பல் வந்தால் ஹால்தியாவுக்கும் பாராதீப்புக்கும் ஓடவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே எங்கள் குடித்தனம் நடந்திருக்கிறது. துறைமுக ஊர்களில் அவர் எந்த விடுதியில் தங்குகிறார் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இப்போது அந்த விடுதிகள் ஒவ்வொன்றுக்கும் மனத்தில் கதவும் கட்டிலும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

போன் வந்தால் அவர் பால்கனிக்குப் போய்ப் பேசுவார். எங்கள் கூடத்தில் சிக்னல் கிடைக்காது என்பது எனக்கே தெரியும். இருந்தாலும் சிக்னல் கிடைக்காத வீட்டை அவர் எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்று யோசிக்க ஆரம்பித்தேன். ஒருநாள் பெட்டியில் புதுச் சட்டை ஒன்று இருந்தது. "மழையில நனஞ்சிட்டேன், அங்கேயே ஒண்ணு வாங்கினேன்" என்றார். அன்று பாராதீப்பில் மழை பெய்ததா என்று போனில் தேடிப் பார்த்தேன். பெய்திருந்தது. அதற்காக எனக்கு நிம்மதி வந்துவிடவில்லை. மழை பெய்ததைத் தெரிந்துவைத்துக்கொண்டு சொல்கிறார் என்று தோன்றியது.

ஒரு மதியம் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிடர்பூருக்குப் பஸ் ஏறினேன். அவர் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை ஓரமாக நின்றேன். சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைத்துக்கொண்டே இருந்தன. இரும்புத் தகடு ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று என்னை இடிக்காத குறையாகப் போனது. வெகு நேரம் கழித்து அவர் வெளியே வந்தார். பொரிக்காரனிடம் காரப்பொரி வாங்கி நின்றபடியே சாப்பிட்டார். ஒரு லாரி டிரைவரோடு ஏதோ பேசிச் சிரித்தார். கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். பார்த்தது அவ்வளவுதான். திரும்பும் வழியெல்லாம், இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறாரே என்று பொருமிக்கொண்டே வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டேன். காலேஜில் படிக்கும் எங்கள் மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மீன் சுத்தம் செய்வது அவர் வேலை. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். சமையலறைத் தரையில் அரிவாள்மணையை வைத்துக்கொண்டு செதில் சீவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு இன்ஃபெக்ஷன் இருக்காம். கர்ப்பப்பை வாயில. கவனிக்காம விட்டா சில பேருக்குக் கேன்சர்ல போய் நிக்குமாம்."

கை அப்படியே நின்றது. "என்ன சொல்லுத? டாக்டர் என்ன சொன்னாங்க? மருந்து இருக்கா?"

"மருந்தை விடுங்க. அது எப்படி வரும்னு கேட்டேன். கூடப் படுக்கிறவங்க கிட்டருந்துதான் வருமாம்."

அவர் அரிவாள்மணையைத் தள்ளி வைத்தார்.

"நான் உங்களைத் தவிர யாரையும் அறிஞ்சதில்ல" என்றேன்.

எழுந்து போய்க் கை கழுவினார். சோப்புப் போட்டு, மறுபடியும் சோப்புப் போட்டு, வெகு நேரம் கழுவினார். அந்த நேரத்தை நான் அவருக்கு எதிராகவே கணக்கு வைத்துக்கொண்டேன். திரும்பியபோது முகம் கருத்திருந்தது.

"எனக்கும் உன்னை விட்டா யாரும் கிடையாது. அப்ப நான் கேக்கலாம்லா? உனக்கு எங்கருந்து வந்துச்சு?"

அந்தக் கேள்வி என் பக்கமும் திரும்பும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. வாயடைத்து நின்றேன். நான் வாயடைத்து நின்றதை அவர் பார்த்தார். நான் அவர் கை கழுவியதைப் பார்த்தேனே, அதே பார்வை.

அதற்குப் பிறகு வீட்டில் இருவருமே வேவு பார்க்க ஆரம்பித்தோம். நான் குளிக்கப் போனால் என் போன் இடம் மாறியிருக்கும். ஒருநாள் மதியம் வங்கிக்குள் அவர் வந்து நின்றார். "இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு" என்றார். ஜாதவ்பூருக்குக் கப்பல் எதுவும் வருவதில்லை. எனக்குப் பக்கத்து மேஜையில் உட்காரும் கடன் பிரிவு இளைஞனை அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். அவனுக்கு என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்கவும் முடியவில்லை.

டாக்டர் "சாதாரணம்" என்று சொன்னது எந்த அளவுக்குச் சாதாரணம் என்று தெரிந்துகொண்டால் போதும் என்று நினைத்தேன். நாட்டில் பத்துப் பேரில் ஒருத்திக்கு என்றால் அவர் குற்றவாளி. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு என்றால் குற்றம் யார் மேலும் இல்லை. எனக்கு வேண்டியது ஓர் எண். மதிய இடைவேளைகளில் தேடினேன். ஒரு கட்டுரையில் ஓர் எண் இருந்தது. இன்னொன்றில் அதைப்போல் மூன்று மடங்கு இருந்தது. உற்றுப் படித்தபோது, ஒன்று ஏதோ ஒரு நகரத்தில் மருத்துவமனைக்குத் தானாக வந்த பெண்களை மட்டும் எண்ணியது. மற்றொன்று ஒரு மாவட்டத்தின் கிராமங்களை எண்ணியது. சில இன்றைக்கு யாருக்கு இருக்கிறது என்று பார்த்தன. எப்போதோ வந்து போனவர்களை அந்தப் பரிசோதனை பிடிக்காது. ஆண்களை எண்ணியவர்கள் அபூர்வம். இத்தனை கோடிப் பேர் இருக்கும் தேசத்தில் கொஞ்சம் பேரை எண்ணிவிட்டு, பரிசோதனைக்கே வராதவர்களைப் பற்றி எதுவும் தெரியாமல் சதவீதம் போட்டிருந்தார்கள். இப்படி ஒரு இருப்புநிலைக் குறிப்பைக் கொண்டுவந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். எண்கள் மேலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு பௌதி இருக்கிறார். அண்ணியை வங்காளத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்த பக்கத்து வீட்டுப் பெண்களையும் நாங்கள் அப்படியே அழைப்போம். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகன் வெளிநாட்டில். துர்கா பூஜை நெருங்கிய நேரம். தெருமுனையில் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்.

"இப்போவெல்லாம் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து மார்க்கெட்டுக்குப் போறதைக் காணோமே. சண்டையா?"

நான் யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் இருந்தேன். சொன்னேன். வைரஸின் பெயரைச் சொன்னதும் அவர் பிழிந்துகொண்டிருந்த புடவையை வாளியிலேயே போட்டுவிட்டார்.

"ஷோனோ" என்றார். கேள் என்று அர்த்தம். "எனக்கும் இருந்தது."

அவருடைய மகன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம். ஏதோ ரத்தப்போக்கு என்று போன இடத்தில் சோதனை செய்திருக்கிறார்கள். செல்களில் மாற்றம் இருக்கிறது, இது ஒரு வைரஸால் வருவது என்று சொல்லிச் சின்னதாக ஒரு சிகிச்சையும் செய்திருக்கிறார்கள். எப்படி வந்தது என்று கேட்டதற்கு அந்தப் பெரிய டாக்டர் மேஜையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "அதை உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க" என்றாராம்.

"கேட்டீங்களா?"

"கேட்கலை. கேட்டு அவர் ஆமாம்னு சொல்லிட்டா நான் எங்கே போவேன்? என் மகனை வைச்சுக்கிட்டு எங்கே போவேன்? அதனால கேட்கலை. ஆனா ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைப் பார்த்து, யார் அவள்னு மனசுக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்தேன். அவரோட ஆபீஸ் டைப்பிஸ்ட்டா, அவரோட அத்தை பெண்ணா. கடைசியில் பக்கவாதம் வந்து படுத்தாரே, உனக்கு ஞாபகம் இருக்கா? நான் அவரை எவ்வளவு நல்லா பார்த்துக்கிட்டேன்னு தெருவே சொன்னது. குளிப்பாட்டும்போதும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். அவருக்கு அப்போ பேச்சு வராது."

பௌதி கீழே தெருவைப் பார்த்தார். மூங்கில்காரர்கள் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போன வருஷம் டிவியில ஒரு டாக்டரம்மா பேசினாங்க. இது நிறையப் பேருக்கு வரும், வந்து வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கும், யார் கிட்டருந்துன்னு சொல்லவே முடியாதுன்னு. நான் டிவியை அணைச்சுட்டேன். இப்போ வந்து சொன்னா நான் என்ன செய்யறது?"

இருவரும் அந்தப் புடவையை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துப் பிழிந்தோம்.

அன்று மாலை என் கணவரிடம், "என்கூட டாக்டர் கிட்ட வாங்க. உங்களுக்கு என்ன கேக்கணுமோ நேரா கேளுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு "வாரேன்" என்றார்.

டாக்டரின் அறையில் அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எடுத்த எடுப்பில், "எனக்கும் டெஸ்ட் பண்ணுங்க" என்றார். அவருடைய வங்காளம் துறைமுகத்து வங்காளம், பாதி இந்தி.

"ஆண்களுக்கு வழக்கமா செய்யற பரிசோதனை கிடையாது" என்றார் டாக்டர்.

"அப்போ யார் கிட்டருந்து யாருக்கு வந்துதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. எப்போ வந்ததுன்னும் தெரியாது. இருபது வருஷத்துக்கு முந்தி வந்து, உடம்புல அடங்கிக் கிடந்து, எதிர்ப்பு சக்தி குறையற வயசுல தலை காட்டலாம். யாராவது உறுதியா சொன்னா அவங்க பொய் சொல்றாங்க."

"எத்தனை பேருக்கு இருக்கும்?" என்று நான் கேட்டேன். "நம்ம நாட்டுல. சரியான எண்."

டாக்டர் சிரிக்கவில்லை. "எல்லாரையும் யாரும் எண்ணலை. ஆனா இதை மட்டும் சொல்றேன். மெட்ரோவுல ஏறுறீங்க இல்லையா? அந்தப் பெட்டியில இருக்கிற நம்ம வயசுக்காரங்களைப் பாருங்க. ஆணோ பெண்ணோ, அதுல ரொம்பப் பேருக்கு எப்போவாவது வந்திருக்கும். அவங்களுக்கே தெரியாது. அநேகம் பேருக்குத் தானா போயிடும். போகாம வருஷக்கணக்கா தங்கறவங்களைத்தான் நான் தேடறேன். எனக்கு வந்திருக்கலாம். இந்த ரூம்ல இருக்கிற மூணு பேருக்குமே வந்திருக்கலாம்."

திரும்பும்போது மெட்ரோவில்தான் வந்தோம். எதிரே ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் மடியில் பூஜைக்கு வாங்கிய துணிப்பைகளோடு தூங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் கணவரும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் நின்றார்.

"ஒண்ணு சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னாடி, ஊர்ல ஒருத்தி இருந்தா. நர்ஸுக்குப் படிச்சிட்டிருந்தா. கட்டிக்கணும்னுதான் இருந்தேன். வீட்டுல ஒத்துக்கலை. அதுக்கப்புறம் யாரும் கிடையாது. உன் மேல சத்தியமா."

வருத்தப்பட்டிருக்க வேண்டும், கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு உடம்பே லேசானது போல இருந்தது. வந்த வழி தெரிந்துவிட்டது. நான் இங்கே கல்கத்தாவில் பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கோ நடந்தது. மன்னிக்கக்கூட எதுவும் இல்லை. அந்த வாரம் சேர்ந்து மார்க்கெட்டுக்குப் போனோம். அவர் எனக்குப் பிடித்த மீனாகப் பார்த்து வாங்கினார்.

சில மாதம் கழித்துப் பேச்சோடு பேச்சாக அந்தப் பெண்ணைப் பற்றி நானே கேட்டேன். "டைப்ரைட்டிங் கிளாஸுக்கு வருவா. சைக்கிள்ல" என்றார். நர்ஸுக்குப் படித்தவள் டைப்ரைட்டிங் வகுப்புக்கும் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். அப்படி ஒருத்தி இருந்தாளா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. டாக்டர் இருபது வருஷத்துக்கு முந்தி என்று சொன்னதைக் கேட்டு, எனக்கு ஒரு பதில் தேவைப்படுகிறது என்று பார்த்து, அவரே ஒருத்தியை உண்டாக்கிக் கொடுத்தாரோ? அப்படியென்றால் அது அன்பா, வேறு எதையாவது மூடுவதற்கா? மேற்கொண்டு கேட்கவில்லை. அவரும் என்னிடம் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னதை அவர் நம்பிவிட்டாரா, கேட்பதை நிறுத்திவிட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வங்கியில் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள், பரிசோதனைக்குப் போன தோழி ஒருத்தியிடம் தனியாக விஷயத்தைச் சொன்னேன். அவள் டப்பாவை மூடிவிட்டு, "உன்னையும் கூப்பிட்டாங்களா?" என்றாள். அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த வாரம் வேறொருத்தி, எப்படித் தெரிந்ததோ, கழிப்பறையில் கை கழுவும்போது என்னிடம் அதையே சொன்னாள். அவள் அம்மா வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டு வந்தாளாம். கணவரிடம் காரணம் சொல்லவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே ஊறுகாயைப் பகிர்ந்து சாப்பிட்டவர்கள், ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் என்று நினைத்து அவரவர் வீட்டு ஆம்பளையை முறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். எந்த இணையதளமும் தராத கணக்கு எனக்கு அங்கேதான் கொஞ்சம் கிடைத்தது.

மகளுக்குத் தடுப்பூசி போடவேண்டும் என்று சொன்னபோது அவர்தான் முறைத்தார். "கல்யாணமாகாத பிள்ளைக்கு இது எதுக்கு? அவ மேல உனக்கு என்ன சந்தேகம்?"

"அவ மேல ஒண்ணுமில்ல. வரப்போறவன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "மா, ஆமி ஜானி, எனக்குத் தெரியும். என் ஃப்ரெண்ட்ஸ் நெறைய பேர் போட்டாச்சு. பாபா, பாய்ஸ் கூடப் போடறாங்க." மறுநாள் அவரே அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு வருடம் முடிந்து மறுபடி பரிசோதனை செய்துகொண்டேன். முடிவு கேட்கப் போன அன்று, காத்திருக்கும் இடத்தில் இளம் வங்காளிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவள் கணவன் நாற்காலி ஒன்றை விட்டுத் தள்ளி உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். "போயிடுச்சு" என்றார் டாக்டர். "இருந்தாலும் விட்டுடாதீங்க, நான் சொல்ற சமயத்துல மறுபடி வரணும்."

வெளியே வந்தபோது அந்தப் பெண் தண்ணீர் பிடிக்க எழுந்து வந்தாள். நானாகவே, எச்.பி.வி.யா என்று மெதுவாகக் கேட்டேன். தலையை ஆட்டினாள். "எனக்கும் இருந்தது. ரொம்பப் பேருக்கு இருக்கு. அது எப்ப, யார் கிட்டருந்து வந்ததுன்னு யாராலும் சொல்ல முடியாது. அவரை மட்டும் நினைச்சுக்கிட்டு இருக்காதே" என்று அவள் மொழியில் சொன்னேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களை யார் சொல்லச் சொன்னாங்க? அவரா?" என்றாள்.

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டு, கணவனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள்.